18,000 படங்களும் ஒரு குப்பைத் தொட்டியும்

கேள்வி இது: "வயது 27. கோவையில் ஐடி வேலை. மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். ஹார்டு டிஸ்கில் 18,000 படம் இருக்கிறது. எடுக்கும்போது பிரமாதமாகத் தோன்றுகிறது, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் கேவலமாக இருக்கிறது. மற்றவர்கள் எடுத்ததைப் பார்த்த பிறகு என்னுடையதை யாரிடமும் காட்டக் கூசுகிறது. முன்னேற வழி உண்டா, இல்லை எனக்கு இது வராது என்று கேமராவை விற்றுவிடலாமா?"

தம்பி, விற்க வேண்டாம். பழைய கேமராவுக்கு இன்று கிடைக்கிற விலையைக் கேட்டால் அந்த வருத்தமும் சேர்ந்துகொள்ளும்.

நான் கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவன். 1998ல் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். லைட் பிடிப்பது, ஒயர் சுருட்டுவது, டீ வாங்கி வருவது. இரண்டு வருடம் கழித்துத்தான் கேமராவே கையில் வந்தது. இன்றைக்கும் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, தாலி கட்டுகிற நேரத்தில் ஷட்டர் திறக்காத மாதிரி கனவு வரும். அதனால் சந்தேகத்தைத் துரத்திவிட்ட ஆள் என்று என்னை நினைக்காதீர்கள். அதோடு குடித்தனம் நடத்தப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் "எடுக்கும்போது பிரமாதம், வீட்டில் கேவலம்" என்கிறீர்களே, அதற்கு வருவோம். அந்த இடத்தில் நிற்கும்போது உங்களுக்குக் காற்று இருக்கிறது, சத்தம் இருக்கிறது, பக்கத்தில் வடை சுடுகிற வாசனை இருக்கிறது. கண்ணும் சும்மா இருப்பதில்லை. வெயிலில் நிற்கிற தேரையும் தேருக்கடியில் இருட்டில் கட்டை போடுகிறவரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக மனதுக்குள் வைத்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒற்றைக் கண்ணால், ஒரு செவ்வகத்துக்குள், ஒரே அளவு வெளிச்சத்தில் அது பார்க்கிறது. தேர் சரியாக வந்தால் கட்டை போடுகிறவர் கரிக்கட்டை. அவர் சரியாக வந்தால் தேர் வெள்ளைத்தாள். வீட்டுக்கு வந்து நீங்கள் பார்ப்பது இந்த இடைவெளியை. எல்லோருக்கும் உள்ளதுதான். பழகின கைக்கு, கேமரா எதைத் தவறவிடும் என்று எடுப்பதற்கு முன்பே தெரிகிறது. வேறு மாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த முதல் படங்களைத் திறந்து பாருங்கள். அன்றைக்கு அதில் ஒன்றைப் போன் முகப்பில் வைத்திருப்பீர்கள். இன்று வைப்பீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் இந்த மூன்று வருடத்தில் ஏதோ வளர்ந்திருக்கிறது. கை வளர்ந்ததைவிடக் கண் வேகமாக வளர்ந்துவிட்டது. அந்த முன்னே பின்னேதான் இப்போது வலிக்கிறது. நான்கு பேர் படத்தைப் பார்க்கப் பார்க்கக் கண் தானாக வளரும், கைக்கு உழைப்பு வேண்டும்.

சரி, கைக்கு என்ன செய்வது? புது லென்ஸ் வாங்குவது பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். கேமராவோடு வருகிற கிட் லென்ஸ் இருந்தால் போதும், கொஞ்சம் காசு இருந்தால் ஜூம் இல்லாத, நிறைய வெளிச்சம் உள்ளே விடுகிற 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கலாம், அதற்கு மேல் இப்போது எதுவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 18,000தான். எடுத்தது 18,000, பொறுக்கியது எத்தனை? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. படம் எடுப்பதில் பாதி வேலை பொறுக்குவது. அரிசியில் கல் பொறுக்காமல் உலை வைத்துவிட்டு, எனக்குச் சமையலே வரவில்லை என்று அழுகிற மாதிரி இருக்கிறது உங்கள் நிலைமை.

ராபர்ட் ஃபிராங்க் என்கிற சுவிஸ்காரர் 1955, 56ல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றிப் படம் எடுத்தார். 767 ஃபிலிம் ரோல், கிட்டத்தட்ட 27,000 படம். அதிலிருந்து புத்தகத்துக்குப் போனது 83. முந்நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று. அந்த 83ஐ மட்டும் நாம் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் தொட்டதெல்லாம் பொன் என்கிறோம். மீதியைப் பார்த்தால் அதிலும் உங்களுடையதைப் போலத் தலை வெட்டுப்பட்டது, கோணலானது, ஒன்றுமே இல்லாதது எல்லாம் இருக்கும். நீங்கள் இன்ஸ்டாகிராமில் பார்ப்பதும் அடுத்தவர் பொறுக்கி எடுத்ததைத்தான். அதை உங்கள் பொறுக்காத மூட்டையோடு வைத்து எடை போடுகிறீர்கள். எந்தத் தராசிலும் அது சரியாக வராது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆள் உண்டு. தெருவில் படம் எடுப்பதில் பேர்போன கேரி வினோகிராண்ட் 1984ல் இறந்தபோது, எடுத்து முடித்துக் கழுவாமலே கிடந்த ரோல் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தது. கழுவியும் பிரிண்ட் போட்டுப் பார்க்காதது அதைவிட அதிகம். எவ்வளவு பெரிய கலைஞன், ஆனால் கடைசிக் காலத்தில் தான் எடுத்ததைத் தானே பார்க்கவில்லை. பிறகு யார் யாரோ உட்கார்ந்து பொறுக்கினார்கள். உங்கள் ஹார்டு டிஸ்கைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு அந்த ரோல்கள்தான் நினைவுக்கு வந்தன.

என் முதலாளி பொறுக்குகிற விதத்தைச் சொல்கிறேன். லேபிலிருந்து பிரிண்ட் வந்ததும் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரிப்பார். அத்தனையையும் வரிசையாகப் பரப்புவார். நின்றுகொண்டேதான் பார்ப்பார், உட்கார மாட்டார். "உக்காந்து பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் தோணும்டா" என்பார். ஆறடி உயரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணைப் பிடித்து இழுக்கிற படம் மட்டும் தெரியும். மற்றதையெல்லாம் காலாலேயே ஒதுக்குவார். எனக்குப் பதறும். ஆனால் ஒதுக்கினதில் ஒன்றைக்கூட நான் திரும்ப எடுத்து வைக்க முடிந்ததில்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். 18,000ஐயும் ஒரே நாளில் வேண்டாம், பைத்தியம் பிடித்துவிடும். ஒரு மாதப் படத்தை ஒரு நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் யோசிக்காமல் வேகமாக ஓட்டி, விரல் நின்ற இடத்தில் குறி போடுங்கள். இரண்டு வாரம் திறக்காதீர்கள். அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். ஏனென்றால் எடுத்த அன்றைக்கு நாம் படத்தைப் பார்ப்பதில்லை, நாம் பட்ட பாட்டைத்தான் பார்க்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சதுரகிரி ஏறி, முட்டி வலிக்க மேலே போய் எடுத்த மேகம். அந்த வலியும் படத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றும். பார்க்கிறவனுக்கு அது வெறும் மேகம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எடுத்த அன்று மனது சரியில்லாததால் தூக்கிப் போட்ட படம், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஆகவே அன்றன்றைக்கே அழிக்காதீர்கள். கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்து அழிப்பதை அடியோடு விடுங்கள்.

இப்படி வடிகட்டி அறுபது படம் தேற்றுங்கள். அந்த அறுபதையும் போஸ்ட்கார்டு சைஸில் பிரிண்ட் போடுங்கள். திரையில் பார்ப்பது வேறு, கையில் பார்ப்பது வேறு. போன் திரையில் கலர் தூக்கலாக இருக்கிற படம் ஜெயிக்கும், அமைதியான படம் தோற்கும். தாளில் அந்தச் சலுகை கிடையாது. தரையில் பரப்பி, நின்றுகொண்டு பாருங்கள். அறுபதை முப்பதாக்குங்கள், முப்பதைப் பன்னிரண்டாக்குங்கள்.

ஒதுக்குகிற ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு காரணம் எழுத வேண்டும். இதுதான் மருந்து. "நன்றாக இல்லை" என்று எழுதக் கூடாது, அது காரணமே இல்லை. "இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதிக் கை", "பாட்டி தலையில் கரண்ட் கம்பம் முளைத்திருக்கிறது", "கண்ணில் போக்கஸ் இல்லை, காதில் இருக்கிறது", "நின்ற இடத்திலிருந்து ஜூம் செய்தது, கிட்டே போயிருக்க வேண்டும்". இப்படி எழுத வேண்டும். ஒதுக்கின நாற்பத்தெட்டுக்கும் எழுதியதும் அந்த வரிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். நாற்பத்தெட்டு விதமான தப்பு இருக்காது. நான்கைந்துதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அப்படிப் பார்த்தபோது ஓரத்தைக் கவனிக்காததும், அரை விநாடி முந்துவதும்தான் பாதிக்கு மேல். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

"எனக்கு வராது" என்கிற குரலோடு நீங்கள் பேச முடியாது தம்பி. அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் யாரிடமும் வார்த்தை இல்லை. "கம்பம் முளைத்திருக்கிறது" என்கிற குரலுக்குப் பதில் சுலபம். இரண்டு எட்டு தள்ளி நில்.

மங்கலாக வந்த படங்களை ஒரே குவியலாகப் போட்டுவிடாதீர்கள், அதில் மூன்று ஜாதி உண்டு. படம் முழுக்க ஒரே பக்கமாக இழுத்தாற்போல் இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவரெல்லாம் கூர்மை, ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஆள் மங்கல், அவருக்குப் பின்னால் இருக்கிற செடி கூர்மை என்றால் போக்கஸ் தப்பு. முதலாவதற்கு, லென்ஸின் எம்எம் எத்தனையோ அதற்குக் குறையாத ஷட்டர் வேகம் வையுங்கள். 50 எம்எம் என்றால் 1/50 விநாடி, உங்களுடையது சின்ன சென்சார் கேமராவாக இருந்தால் 1/80. இரண்டாவதற்கு அது போதாது. கையை ஆட்டிப் பேசுகிறவருக்கு 1/250 வேண்டும், வாடிவாசலிலிருந்து பாயும் மாட்டுக்கு 1/1000 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவு, ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக இருப்பதை யாரும் மன்னித்துவிடுவார்கள், மங்கலை மன்னிக்க மாட்டார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிற ஒரு அப்பாவி. வெள்ளை வேட்டி கட்டிய பத்து பேரைக் காட்டினால், "அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைத்து வேட்டியை அழுக்காக்கும். கருங்கல் மண்டபத்தைக் காட்டினால் ஏற்றி வெளுக்கவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது. வேட்டிக்குப் பிளஸ் ஒன்று, கருங்கல்லுக்கு மைனஸ் ஒன்று என்று தொடங்கிப் பாருங்கள். நிறைய பேர் தலைகீழாகச் செய்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறார்கள்.

நம் ஊர் முகங்களுக்கு வெளிச்சம் வைப்பது தனிக் கலை. ஃபிலிம் காலத்தில் கலர் சரிபார்க்கக் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருக்கும், ஷெர்லி அட்டை என்பார்கள். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. அந்தப் பழக்கம் இன்னும் கல்யாண ஆல்பத்தைவிட்டுப் போகவில்லை. மாநிறப் பொண்ணைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிக் கொடுத்தால்தான் சில வீடுகளில் காசு தருவார்கள், நானும் செய்து கொடுத்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. நேராக ஃபிளாஷ் அடித்தால் அது செத்துவிடும். பக்கவாட்டிலிருந்து அகலமான, மென்மையான வெளிச்சம் வந்தால் கன்ன எலும்பு, நெற்றி, மூக்கின் ஓரம் எல்லாவற்றிலும் ஒரு பளபளப்பு ஓடும். அதற்கு ஸ்டுடியோ வேண்டியதில்லை. பழைய வீட்டு நிலைப்படி போதும். வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில் ஓர் ஆளை வாசலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி, முகம் வாசலைப் பார்க்க நிற்க வையுங்கள். தெருவே பெரிய விளக்காகிவிடும். அப்புறம் அவரைக் கொஞ்சம் திருப்புங்கள். திருப்பத் திருப்ப முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு மத்தியானம் அம்மாவை வைத்து இதை மட்டும் செய்தால், பத்து யூடியூப் வீடியோ சொல்லித் தராதது தெரிந்துவிடும்.

எடிட் செய்வது ஏமாற்று இல்லையா என்று ஒரு குற்ற உணர்ச்சி உங்கள் வயசுக்காரர்கள் பலருக்கு இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி 1858ல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு தடவிய காகித நெகட்டிவில் எடுத்தார். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, ஆறு மீட்டர் நீளத்துக்குச் சுருளாக்கினவர் அவர்தான். அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். அதனால் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார். இயற்கைக் காட்சிகளை எடுத்துப் பேர்வாங்கிய அமெரிக்கர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவில் நிலா எழுவதை எடுத்த நெகட்டிவ் ஒன்றுதான். அதை நாற்பது வருடமாக மறுபடி மறுபடி பிரிண்ட் போட்டார். தொடக்க கால பிரிண்டில் வானத்தில் மேகம் தெரியும், பின்னாளில் வானம் கன்னங்கரேல் ஆகிவிட்டது. ஆகவே வெளிச்சம் கூட்டிக் குறைப்பதற்கெல்லாம் கூச வேண்டாம். இல்லாத ஆளைச் சேர்த்துவிட்டுச் செய்திப் படம் என்று கொடுத்தால்தான் தப்பு.

இப்போது என் சொந்தக் கதை. 2011ல் ஒரு நாள், ஆல்பம் அச்சடிக்கிற இடத்தில் என் ஆல்பம் ஒன்று வேறொருவருடையதோடு மாறி வந்துவிட்டது. ஐந்தாறு பக்கம் புரட்டிய பிறகுதான் அது என்னுடையது இல்லை என்றே தெரிந்தது. அதே கோணம், அதே மாலை, அதே "கொஞ்சம் சிரிங்க". பதின்மூன்று வருடம் உழைத்து, என் படத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் உங்களுக்கு இப்போது இருக்கிறதே, அதே கூச்சம்தான் வந்தது. ஒரு வாரம் முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் கடையைத் திறக்காமல் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

எட்டாம் நாள் காலையில் காவிரிப் படித்துறைக்குப் போனேன். குளிக்கத்தான் போனேன், கேமராவும் பையில் இருந்தது. அப்புறம் முகூர்த்தம் இல்லாத காலையெல்லாம் அங்கேயே போவது என்று வைத்துக்கொண்டேன். ஒரே படித்துறை, ஒரே 50 எம்எம் லென்ஸ், ஆறிலிருந்து ஏழரை வரை. முதல் இரண்டு வாரம் எடுத்ததெல்லாம் காலண்டர் படம். சூரியன், தண்ணீர், கைகூப்பின கிழவர். மூன்றாவது வாரம் தாங்க முடியாத சலிப்பு. எடுக்க ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வேறு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், கொல்லிமலைக்கோ ஹம்பிக்கோ. நானும் போயிருப்பேன், ஆனால் பஸ்ஸுக்குச் செலவழிக்க மனது வரவில்லை.

சலிப்பைத் தாண்டி இரண்டாவது மாதம்தான் கண் திறந்தது. அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், முடிந்ததும் ஈர வேட்டியோடு படியில் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்வார்கள். எதையும் பார்க்காமல் உட்கார்வார்கள். சடங்கை எடுக்க எல்லோரும் முண்டுவார்கள், அந்த ஒரு நிமிஷத்தை யாரும் எடுப்பதில்லை. வழக்கமாக ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்கள், தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துசேர நாளாகும். அதுவரை ஆற்றுக்குள் மணல்தான். பையன்கள் படித்துறைக் கடைசிப் படியை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடுவார்கள். அதே படியில் ஆடிப் பெருக்குக்குக் கால் வைக்க இடம் இருக்காது, கருகமணியும் காதோலையும் மிதக்கும். ஒரே படி, கோடையில் ஸ்டம்பு, ஆடியில் சந்நிதி. இதைப் பார்க்க எனக்கு வருடம் முழுக்கத் தேவைப்பட்டது. நடுவில் என் கல்யாணப் படமும் மாறிப்போயிற்று. தாலி கட்டி முடிந்த பிறகு, பொண்ணின் அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பதை எடுக்கத் தொடங்கினேன்.

அதனால் உங்களுக்கும் இதையே சொல்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் எடுங்கள். உக்கடம் மீன் மார்க்கெட்டோ, உங்கள் தெருமுனைப் பேக்கரியோ, ஏதோ ஒன்று. மதுரைக்காரர் பழனி குமார், தூய்மைப் பணியாளர்களையும் சாக்கடைக்குள் இறக்கப்பட்டுச் செத்தவர்களின் குடும்பங்களையும் வருடக்கணக்காக எடுத்தவர். அந்தப் படங்களின் கனம், ஒரு நாள் போய் எடுத்துவிட்டு வந்தால் வராது. திரும்பத் திரும்பப் போனால்தான் வரும்.

திரும்பிப் போவதென்றதும் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரொதியா லாங்கின் ஞாபகம் வருகிறது. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு மாத வேலையை முடித்துக்கொண்டு மழையில் வீடு திரும்புகிறார். பட்டாணி பறிக்கிறவர்களின் முகாம் என்று ஓர் அறிவிப்புப் பலகை. கடந்து போய்விட்டார். போதுமான படம் எடுத்தாயிற்று, இனி எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருபது மைல் ஓட்டினார். அப்புறம் வண்டியைத் திருப்பினார். ஒரு கூடாரத்தில் பிள்ளைகளோடு இருந்த அம்மாவை ஐந்தாறு படம் எடுத்தார். 1930களின் அமெரிக்கப் பொருளாதார மந்தத்தின் முகமாக இன்றைக்கு உலகம் அறிந்தது அந்தப் படம்தான். அந்த இருபது மைலும் அவர் மனதில் ஓடியது உங்கள் மனதில் ஓடுகிற அதே சரக்குதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கதையில் அந்த அம்மா பக்கமும் இருக்கிறது. 1978ல் அவர் யாரென்று வெளியே தெரிந்தபோது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு பயனில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று குறைப்பட்டார். ஆகவே ஆட்களை எடுத்தால் கேட்டு எடுங்கள், எடுத்த பிறகு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கிறேனே" என்றால் பத்தில் ஏழு பேர் சரி என்பார்கள். கேட்டதும் விறைப்பாக நிற்பார்கள், அதையும் எடுங்கள். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நில்லுங்கள், மறந்துவிடுவார்கள். படம் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றீர்களே, யாரிடம் காட்டுவது என்பதற்கும் பதில் இதுவேதான். லைக் போடுகிறவர்களிடமிருந்து நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. கோவையில் ஞாயிறு காலையில் கூட்டமாகக் கேமராவோடு நடக்கிற நண்பர்கள் கிடைப்பார்கள், அதில் உண்மையைச் சொல்கிற ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றபடி, படத்தில் இருக்கிறவரிடமே காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த "எனக்கு வராது" படத்தோடு நிற்கிறதா, இல்லை வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் என்றால் அது கேமரா சமாசாரம் இல்லை, ஒரு டாக்டரிடம் பேச வேண்டியது.

படித்துறை மேல் படியில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். ஆறு மாதத்தில் அவரை நாற்பது, ஐம்பது படம் எடுத்திருப்பேன். அதில் ஒன்று எனக்கு உயிர். காலை வெயில் பக்கவாட்டில், மடியில் மல்லிகை, பல்லில் நார். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோவில் மாட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆகா என்று சொன்ன பிறகு, அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே. ஆனா பின்னாடி அந்தக் குப்பத்தொட்டி எதுக்கு?"

வாங்கிப் பார்த்தேன். அவர் தோளுக்கு மேலே, வலது மூலையில், பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி. ஆறு மாதமாக என் கண்ணில் அது படவே இல்லை. ஸ்டுடியோவில் ஆகா சொன்னவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு மேகம் போட்டிருந்தது, எடுக்க முடியவில்லை. மறுநாள் ஆறேகாலுக்கே போய், அவருக்கு இடது பக்கமாக இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்து காத்திருந்தேன்.